அங்கே காற்றாம்

"இன்னைக்கும் இல்லையாம். அங்க காத்து அடங்கலையாம்" என்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள் நெலிதா.

ஒவிதியோ ஜன்னலைப் பார்த்தான். சிலியின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸ் ஊரின் தகரக் கூரைகள்மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் இங்கே அடிக்கும் வெயிலை நம்பி என்ன பிரயோசனம்? அண்டார்டிகாவில், பனி ஓடுதளத்தில் காற்று குறைந்தால்தான் விமானம் கிளம்பும். விமானக் கம்பெனிக்காரர்கள் தினமும் நெலிதாவின் போனுக்குத்தான் தகவல் சொல்வார்கள். கூப்பிட்டதும் கிளம்பியாக வேண்டும் என்பதால் அவன் அவள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை.

"சே, பாழாப்போன காத்து" என்று அலுத்துக்கொண்டான். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

அவர்கள் போவது செவெரோவின் உடலைக் கொண்டுவர. நெலிதாவின் கணவன் அவன். ஒவிதியோவோடு ஒரே கயிற்றில் வருஷக்கணக்காக மலையேறியவன். போன வருஷம் அண்டார்டிகாவில் மலையேறப் போன இருவரில் ஒவிதியோ மட்டும்தான் திரும்பி வந்தான்.

நெலிதா ரொட்டியும் ஜாமும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சும்மாதானே இருக்கோம். இன்னொரு தடவை சொல்லுங்க. கடைசியில அவரு எப்படி இருந்தாரு?"

"எத்தனை தடவைதான் கேப்பே?"

"கட்டினவளுக்கு அலுக்குமா?"

சொன்னான். "காலு ஒடிஞ்சு போச்சு, இறக்க வழியில்ல. சூப் வச்சுக் குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சான். 'நெலிதாவைப் பாத்துக்கோ'ன்னான். என் மடியிலதான் உசிரு போச்சு. கூடாரத்துல கிடத்தி, நல்லா மூடிட்டு, அழுதுக்கிட்டேதான் இறங்கினேன்."

"அன்னைக்கு அடுப்பு பத்தவே இல்லைன்னீங்க."

"அது... அப்புறம் பத்திக்கிச்சு."

"நல்ல வேளை. சூடா ஏதோ வயித்துக்குள்ள போயிருக்கு" என்றாள் அவள்.

சூப்பும் கிடையாது, மடியும் கிடையாது. போகாதேடா என்று செவெரோ கத்திக்கொண்டிருக்கும்போதே ஒவிதியோ இறங்கிவிட்டான். புயல் வருகிறது, இரண்டு பேரும் சாவதால் யாருக்கு லாபம் என்று அப்போது தோன்றியது. இப்போது நெலிதா கூட வரச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சொன்னால் சந்தேகப்படுவாளே. மேலே போய் அந்தக் கூடாரத்தைத் திறந்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். காற்று அடிக்க அடிக்க அவனுக்கு உயிர் வந்தது.

நெலிதா கத்தியால் ஜாமைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஒவிதியோ, சொல்லாம விட்டது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மலையில எது வேணா நடக்கும், எனக்குத் தெரியாதா? நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அவள் முகம் சாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கும் காற்று அடிக்கலாம், சீசனே முடிந்துபோகலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்?

"செவெரோ மேல சத்தியமா எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள். எழுந்து உள்ளே போய் அவனுடைய பையைத் தூக்கிவந்து காலடியில் வைத்தாள்.

"டாக்சி நிக்குது. கிளம்பு."

"இப்பதானே காத்துன்னே? விமானம் கிளம்புதா?"

"சாந்தியாகோ விமானம். உன் வீட்டுக்குப் போ." அதுவரை நீங்க என்றவளின் வாயில் நீ வந்திருந்தது.

"அப்ப செவெரோ?"

"பனிக்குப் போன விமானம் செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்துருச்சு, அவரையும் ஏத்திக்கிட்டு. தேடிப்போன ஆளுங்க பாத்தப்போ கூடாரத்துல இல்லையாம். ஒடிஞ்ச காலோட, நீ இறங்கின வழியிலயே ரொம்ப தூரம் தவழ்ந்து வந்து கிடந்தாராம்" என்றாள் நெலிதா. "நேத்துதான் புதைச்சேன். ஒரு நாளாவது நீயா உண்மையைச் சொல்லுவேன்னுதான், தினமும் காலையில காத்து காத்துன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."