தங்கையின் வயது

அந்த முதியோர் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவருக்காவது ஐம்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். சந்திரமதியின் கணவருக்குக் காரியம் முடிந்த மறுநாள், குடியிருப்பின் செயலாளர் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அம்பத்திரண்டுதாம்மா ஆகுது. காலி பண்ணணுமே."

"பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப அப்பா நாலு வயசு குறைச்சுட்டார் சார். என் தங்கச்சிக்கே அம்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு."

"அப்ப அவங்க வந்து இருக்கட்டும். கூட நீங்களும் இருக்கலாம்."

தங்கை வத்சலா பெட்டியோடு வந்தாள். பதிவேட்டில் வீட்டுக்காரராக அவள் பெயர் ஏறியது. அதன் கீழே சந்திரமதி, உறவு: தங்கை. "பேப்பர்படி நீங்கதானே சின்னவங்க" என்றார் செயலாளர்.

வத்சலா அலமாரியைத் திறந்தாள். "அத்தான் சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடுக்கா. என் சேலைக்கு இடம் வேணும்."

சந்திரமதி சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கடைசிச் சட்டையை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.