நயமாகக் கேட்கும் கூட்டம்

அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் நன்னடத்தை இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. யார் எப்படிக் கத்தினாலும் அது மற்றவர் காதில் நயமாகத்தான் விழும்.

"குழாய்ல சாக்கடைத் தண்ணி வருதுய்யா! எம்பொண்ணு மஞ்சக்காமாலை வந்து ஐசியூல கிடக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் மரகதவல்லி.

"தண்ணீர் குறித்து ஒரு சிறு யோசனை" என்று எல்லோருக்கும் கேட்டது. கைதட்டினார்கள்.

போன கூட்டத்திலும் இதே கைதட்டல்தான். மரகதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடையேறிச் செயலாளர் ஞானசேகரனின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"இப்பக் கேளுய்யா! எம்பொண்ணு சாகக் கிடக்கா!"

அவர் முகம் வெளிறிப்போனது. குனிந்து மேசைக்கடியில் துழாவி இயர்போனை எடுத்தார். துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"ம், சொல்லுங்கம்மா" என்றார் புன்னகையோடு.