ஒரு சாண் உயரம்

துறைமுக நகரத்து மாவோரிப் பழங்குடியினரின் குலவீட்டு முற்றத்தில் அன்று இருந்தவர்கள் சுற்றுலா வந்த சங்கரபாண்டியன், அவர் மனைவி வடிவம்மை, மருமகன் கதிரேசன், வரவேற்க நின்ற குலத்தலைவர். அவர்கள் வழக்கப்படி, தலைவரோடு நெற்றியும் மூக்கும் ஒட்டி மூச்சைப் பகிர்ந்த பிறகுதான் விருந்தாளி உள்ளே போகலாம்.

“யாருக்கும் தலை தாழ்த்தாத ஆளு நீங்க. பஸ்லயே உட்காருங்க மாமா,” என்றான் கதிரேசன்.

“கூப்பிட்ட வீட்டு வாசல்ல திரும்பினா நம்ம குடும்பத்துக்குத்தான் கேவலம். வேணும்னா நீங்க போய் உட்காருங்க மாப்பிள்ளை,” என்றார் சங்கரபாண்டியன்.

கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு எதிரில் போய் நின்றார். தலைவர் அவரைவிட ஒரு சாண் உயரம். குனிய வந்த தலைவரைச் சங்கரபாண்டியன் தோளில் கைவைத்துத் தடுத்தார். நெற்றிகள் சேர்ந்தன.

மாமா அங்கே தலை குனிந்துவிட்டார் என்று கதிரேசன் ஊரெல்லாம் சொல்லிவருகிறான். அது பொய். சங்கரபாண்டியன் நுனிக்காலில் நின்றார்.