மெட்ராஸில் எட்டு மணி நேரம்

மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில், அடுத்த விமானத்துக்கு மெட்ராஸில் எட்டு மணி நேரம் இருந்தது. ஜேசுராஜ் டாக்சி பிடித்துப் பருத்திப்பட்டுக்கே வந்துவிட்டார்.

ஞானகுமாரி சுடச்சுட மீன்குழம்பு பரிமாறினாள். அவரை முதன்முதலாகப் பார்த்த ஒன்றரை வயதுக் குழந்தையோ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"இன்னாடி வெக்கம்? அப்பான்னு கூப்டு!" என்றாள் ஞானகுமாரி.

"ஒரே ஒரு தடவை சொல்லு கண்ணு. நான் கிளம்பணும்" என்று கெஞ்சினார் ஜேசுராஜ்.

அவர் யானையாகக் குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டதும், குழந்தை சிரித்துக்கொண்டே "அப்பா!" என்றது.

ஜேசுராஜ் டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! பதிவாயிடுச்சு தங்கச்சி. மஸ்கட்ல எங்க ரூமுக்குத் திரும்பினதும் உன் புருஷனுக்குப் போட்டுக் காட்டுறேன்."

"கேசட்டுல இன்னும் எடம் கீதாண்ணே?" ஞானகுமாரி தலைகுனிந்து கேட்டாள்.

ஜேசுராஜ் மறுபடி பொத்தானை அழுத்திவிட்டு, குழந்தைக்கு ஏரியைக் காட்ட வெளியே தூக்கிப்போனார்.