தெரியாதவர் போலக் கேட்கவும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. கடையின் கோடி மேசையில் ஈரத்துணி இழுத்த தடம் வெயிலில் மெல்லக் காய்கிறது. ருமானா அங்கே கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவைத் தொடங்குகிறாள். இன்ஜினியரிங் படிப்போடு தென்கிழக்காசியப் பண்பாடுகளையும் துணைப்பாடமாக எடுத்திருக்கிறாள். “அது என்னத்துக்கு?” என்று போன மாதம் முகம் சுளித்த அத்தா ராசிக்தான் இப்போது எதிரே உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். தெரியாதவர் போலக் கேட்கவும் என்கிறது அந்தப் பாடத்தின் பேட்டிக்காகத் துறை கொடுத்த தாள். “உங்க பேரு?” என்று அவள் கேட்கிறாள். அவர் மகளை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு கைப்பேசிப் பக்கம் குனிந்து, இமிகிரேஷன் அதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல், “முகமது ராசிக்” என்கிறார். வாசலிலிருந்து ஒருவர், “பாஸ், தே தாரிக் ஒண்ணு” என்று டீ கேட்டுக் குரல் கொடுக்கிறார். “இன்டர்வியூ நடக்குது லா, இருங்க” என்று ராசிக் கையமர்த்துகிறார். மின்விசிறிக் காற்று தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மஞ்சள் கறை ஏறிய அவர் விரல் அதை அழுத்திப் பிடிக்கிறது.

“குடும்பத்துல யாரு யாரு?”

“ஒரே மக. யூனிவர்சிட்டியில இன்ஜினியரிங் படிக்குது.” தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “அதோட நம்மளையும் சேத்துப் படிக்குது. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.”

இது ருமானாவுக்கு உண்மையாகவே தெரியாது. தாளில் அந்தக் கேள்விக்கு இரண்டு வரிதான் இடம். நிமிராமல், ஓரத்திலும் எழுதிக்கொண்டே போகிறாள்.