தனித்தேர்வர் அறை

அறையில் நான்கு பேர்: குழந்தையைக் கணவனிடம் விட்டுவந்த ஜெசிந்தா, ஐந்தாம் முறை எழுதும் ஆட்டோக்காரர் குமரவேல், கண்காணிக்கும் டீச்சர், இரவு ஷிப்டு முடித்து நூல் மில்லிலிருந்து நேராக வந்த நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கணக்குத் தேர்வு மட்டுமே மிச்சம். பத்து பாஸானால் பகல் ஷிப்டு தருவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். மில்லில் மெஷின் சத்தம் நின்றால் நாங்கள் இருந்த இடத்திலேயே தூங்கிவிடுவோம். டீச்சர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, பேச்சு கூடாது என்றார். அறை அடங்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது கடைசி மணிதான்.

“எழுப்பியிருக்கலாமே, டீச்சர்.”

“மூணு தடவ தட்டுனேன், தம்பி. ‘பாபின் மாத்திட்டேன் மேஸ்திரி’ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துட்டே.”

“குறட்டைக்கு மார்க் போட்டா நீதான்டா ஸ்டேட் ஃபர்ஸ்டு,” என்றார் குமரவேல்.

பதிவெண் மட்டும் இருந்த என் தாளையும் டீச்சர் கட்டோடு சேர்த்தார். இப்போது எனக்குத் துளியும் தூக்கம் வரவில்லை. நான் கடைசியாக வெளியே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டினார்.