சமாதானம் வரும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனையில் போதகர் ஐயரவாள் பீடத்திலிருந்து கொடுத்தனுப்பும் சமாதானம், ஒருவர் கையை அடுத்தவர் பற்றி வாழ்த்த, கைக்குக் கை மாறி, ஒவ்வொரு பெஞ்சிலும் சுவரோரம் இருப்பவரிடம் போய் முடியும். செல்லபாக்கியத்தின் பெஞ்சில் மட்டும் அது அவளோடு நின்றுவிடும். சுவரோரம் உட்காரும் தம்பி ஆசீர்வாதத்துக்கு அவள் கை கொடுப்பதில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வராமல் இருந்துவிட்டான், அன்றிலிருந்து அப்படித்தான். அவனும் வாராவாரம் இரண்டு கைகளையும் ஏந்தியபடி காத்திருந்துவிட்டு, கடைசியில் மடியில் வைத்துக்கொள்வான். போன மாதம் அவனுடைய அடக்கத்துக்கு அவளும் போகவில்லை.

அவன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. இன்று சமாதானம் முன்பெஞ்சையே தாண்டியிருக்காது, அதற்குள் சுவர்ப் பக்கமிருந்து இரண்டு கைகள் செல்லபாக்கியத்தின் வலது கையைப் பொத்திப் பிடித்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் இந்தப் பக்கமிருந்த கிரேஸ்மலர் சமாதானத்தோடு கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னக்கா, இப்ப எனக்கும் கை தர மாட்டியளா?"

"நான் என்னட்டி செய்ய?" என்றாள் செல்லபாக்கியம், சுவர்ப் பக்கம் பார்க்காமலே. "அவன் விடமாட்டேங்கான்."